ஐந்து டாலர் எதை வாங்கியது? ஃபோர்டு தொழிற்சாலை, 1914: ஒரு நிகழ்வு ஆய்வு

பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்பார்கள். சம்பளப் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள், உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் "அதெல்லாம் இல்லைங்க, மனத்திருப்திதான் முக்கியம்" என்று ஆரம்பிப்பார். இந்த இரண்டாவது கட்சிக்காரர்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்குகிற பக்கத்தில் இல்லாமல் கொடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். அது கிடக்கட்டும். பொத்தாம்பொதுவாகப் பேசினால் இந்த வாக்குவாதம் எந்தக் காலத்திலும் முடியாது. அதனால் ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு பணம் அங்கே என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நிகழ்வு இதுதான். 1914 ஜனவரி 5ஆம் தேதி, அமெரிக்காவில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு மோட்டார் கம்பெனி, தன் தொழிலாளிகளுக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தது. அதுவரை அங்கே குறைந்தபட்சக் கூலி 2.34 டாலர். வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. கூலி இரண்டு மடங்குக்கு மேல், நேரம் ஒரு மணி குறைவு, அதுவும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அறிவிப்பில். பணம் மனிதரை வேலை செய்ய வைக்குமா என்ற கேள்விக்கு யாராவது பெரிய சோதனை ஒன்றை வடிவமைக்க நினைத்தால்கூட இப்படித்தான் வடிவமைப்பார்கள். ஆனால் நிர்வாகம் ஏன் இந்த முடிவுக்கு வந்தது என்பதை விட்டுவிட்டு முடிவை மட்டும் பார்த்தால் பாதிக் கதை தப்பிவிடும்.

ஆட்கள் ஏன் நிற்கவில்லை

மேக்னெட்டோ என்பது எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாகம். 1913க்கு முன்பு ஒரு தொழிலாளி அதை முழுசாக, தன் மேசையில், தானே கோத்து முடிப்பார். ஒன்றுக்குச் சுமார் இருபது நிமிடம். மாலையில் எண்ணிப் பார்த்தால் "இன்றைக்கு நான் செய்தது" என்று சொல்ல எதிரே ஒரு குவியல் இருக்கும். 1913 வசந்தத்தில் அந்த வேலையை 29 துண்டாக வெட்டி, 29 பேரை வரிசையாக நிறுத்தினார்கள். இருபது நிமிடம் 13 நிமிடம் 10 விநாடி ஆனது. மேடையை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், ஏழு நிமிடம் ஆனது. இன்னும் சில மாற்றம் செய்து ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், பூட்டுவதற்கு முதலில் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது, நகரும் வரிசை வந்தபின் 93 நிமிடம்தான்.

கணக்குப் பார்க்கிறவருக்கு இது அற்புதம். வரிசையில் நிற்கிறவருக்கு? கம்பெனியின் முதலாளி ஹென்றி ஃபோர்டே தன் புத்தகத்தில் ஒளிவுமறைவில்லாமல் விவரிக்கிறார்: போல்ட்டைச் செருகுகிறவர் நட்டைப் போடுவதில்லை, நட்டைப் போடுகிறவர் அதை முடுக்குவதில்லை. நட்டை மட்டும் போடுகிற அந்த ஆளாக ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கையில் நட்டு. முன்னால் போல்ட் வருகிறது. இரண்டு சுற்று. அடுத்தது வந்துவிட்டது. முடுக்குவதற்குக்கூட உங்களுக்கு உரிமை இல்லை, அது பக்கத்தில் நிற்கிறவரின் வேலை. மூக்கு அரித்தால் சொறிவதற்குள் ஒன்று தாண்டிப் போய்விடும்.

மனிதர்கள் இதற்கு என்ன செய்தார்கள் என்றால், கிளம்பிப் போனார்கள். சண்டை போடவில்லை, மனு எழுதவில்லை, நாளைக்கு வரவில்லை, அவ்வளவுதான். 1913இல் அந்த ஆலையில் ஆள் மாறும் வீதம் ஆண்டுக்கு 370 சதவீதம். அதாவது சுமார் 14,000 பேர் இருக்கவேண்டிய ஆலையை ஓட்டுவதற்கு அந்த ஒரு வருடத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்கவேண்டியிருந்தது. தினமும் பத்தில் ஒருவர் வரமாட்டார். 1913 மார்ச்சில் மட்டும் 7,300 பேர் போனார்கள், அதில் முறைப்படி சொல்லிவிட்டு விலகியவர்கள் ரொம்பக் குறைவு. பத்துக்கு ஏழு பேர் தொடர்ந்து ஐந்து நாள் காணாமல் போனதால் பெயர் அடிக்கப்பட்டவர்கள். கம்பெனிக்குள் இவர்களுக்கு 'ஐந்து நாள் ஆட்கள்' என்றே பெயர். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த சொல் இதுதான். வேலையைப் பற்றிய தன் கருத்தை ஒரு மனிதன் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், இவர்கள் ஓடியது கூலி குறைவு என்பதற்காக மட்டும் அல்ல. ஊரில் மற்ற ஆலைகள் கொடுத்ததற்குச் சமமாகத்தான் இங்கேயும் கொடுத்தார்கள். அதே காசுக்கு வேறு இடத்தில் வரிசையில் நிற்காமல் வேலை செய்ய முடிந்தது, அதனால் போனார்கள்.

முதலில் செய்தது பணம் அல்ல

ஐந்து டாலர் கதையைச் சொல்கிறவர்கள் 1913 அக்டோபரைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். ஆனால் பிரச்சினையைச் சரிசெய்ய ஜான் லீ என்ற நிர்வாகி அப்போதே இறங்கியிருந்தார். கூலி கொஞ்சம் ஏறியது, குறைந்தபட்சம் 2.34 டாலர் என்பது அப்போது வந்ததுதான். கண்டபடி இருந்த கூலி விகிதங்கள் ஒரு சில படிகளாகச் சுருக்கப்பட்டன. இன்னொன்றும் நடந்தது, என் கணக்கில் அது இதைவிடப் பெரியது: நினைத்த நேரத்தில் ஆளை வேலையை விட்டு அனுப்புகிற அதிகாரம் ஃபோர்மேன்களின் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. முகம் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவனை வெளியே தள்ள முடியாது, அதற்கென்று ஒரு துறை விசாரிக்கும்.

எந்த ஆலையிலும் எந்த அலுவலகத்திலும் வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். காலையில் கிளம்பும்போது மனத்தைப் பிசைவது பெரும்பாலும் சம்பளம் அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரின் முகம்தான்.

ஜனவரி

அறிவிப்பைப் பத்திரிகையாளர்களுக்கு வாசித்தவர் ஃபோர்டு அல்ல, வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கஸன்ஸ். வருடத்துக்கு ஒரு கோடி டாலர் லாபப் பங்காகப் போகும் என்றார்கள். மறுநாள் விடிவதற்குள் ஆலை வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அடுத்தடுத்த நாள்களில் வெளியூர்களிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். இத்தனை பேருக்கு வேலை கிடையாது என்று சொன்னாலும் கலையவில்லை. ஜனவரி 12, புதிய கூலி நடைமுறைக்கு வந்த நாள், எலும்பைத் துளைக்கிற குளிர், உள்ளே போக வழியில்லாமல் வேலையாட்களே நெரிபட, தீயணைப்புக் குழாயைத் திறந்து கூட்டத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். நனைந்த துணி உடம்பிலேயே உறைந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு ஐந்து நாளில் ஆள் காணாமல் போன அதே வாசல் இது. உள்ளே இருந்த வேலை ஒரு நூல்கூட மாறவில்லை, நட்டு போடுகிறவர் நட்டுதான் போட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் பணத்தின் சக்தியைச் சந்தேகிக்கிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். மனத்திருப்திக்காக யாரும் உறைபனியில் நனைந்துகொண்டு நிற்கவில்லை.

எண்களும் அதையே சொல்லின. ஆள் மாறும் வீதம் 1914இல் 54 சதவீதத்துக்கும் 1915இல் 16 சதவீதத்துக்கும் இறங்கியது. வராமல் போகிறவர்கள் பத்து சதவீதத்திலிருந்து இரண்டரை சதவீதத்துக்கு வந்தார்கள். கம்பெனி கெட்டுப்போகும் என்று ஜோசியம் சொன்னவர்கள் இருந்தார்கள், ஆனால் 1914க்கும் 1916க்கும் நடுவில் லாபம் 3 கோடியிலிருந்து 6 கோடி டாலர் ஆனது. ஃபோர்டு பிறகு இதைத் தாங்கள் செய்த மிகச் சிறந்த செலவுக் குறைப்புகளில் ஒன்று என்று எழுதினார். தர்மம் என்று எழுதவில்லை பாருங்கள், செலவுக் குறைப்பு என்றார்.

(தன் தொழிலாளிகளே தன் காரை வாங்கட்டும் என்றுதான் கூலியை ஏற்றினார் என்று ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்காது. ஆலையில் இருந்தது 14,000 பேர், வருடத்தில் செய்தது இரண்டு லட்சத்துக்கும் மேல் கார். அத்தனை பேரும் ஆளுக்கொரு கார் வாங்கினாலும், கார் ஐந்நூறு டாலர் என்றால், 70 லட்சம் டாலர்தான் விற்பனை. அதில் லாபம் இன்னும் குறைவு. அதற்காக ஒரு கோடியைக் கொடுக்கிற ஆள் இல்லை அவர்.)

சின்ன எழுத்தில் இருந்தது

ஐந்து டாலர் என்பது முழுசாகக் கூலி அல்ல. பழைய கூலி அப்படியே இருந்தது, மீதி 'லாபப் பங்கு'. அந்தப் பங்கு கிடைக்க ஆறு மாதம் வேலை பார்த்திருக்கவேண்டும், அதற்கப்புறம் ஒழுங்காக வாழவும் வேண்டும். ஒழுங்கு என்றால் என்ன என்று முடிவு செய்ய சமூகவியல் துறை என்று ஒன்று வைத்தார்கள். அதன் ஆட்கள் வீட்டுக்கே வந்து, குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமா, சேமிப்புக் கணக்கு இருக்கிறதா, மனைவி உண்மையிலேயே மனைவிதானா என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். தேறாதவருக்குப் பங்கு நிறுத்தப்படும், திருந்தக் கெடு கொடுப்பார்கள், திருந்தவில்லை என்றால் வேலையும் போகும். பெண் தொழிலாளிகள் ஆரம்பத்தில் கணக்கிலேயே இல்லை, 1916இல்தான் சேர்த்தார்கள்.

1914 முடிவில் எடுத்த கணக்கின்படி தொழிலாளிகளில் 71 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், 22 இனத்தவர். அவர்களுக்காக ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள், நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஜனவரியிலேயே, தங்கள் பழைய நாள்காட்டிப்படி வந்த பண்டிகைக்காக வேலைக்கு வராத கிரேக்கர்களும் ரஷ்யர்களுமாக எண்ணூறு பேருக்கு மேல் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். இவ்வளவு கூலி கொடுக்கும்போது உங்கள் பண்டிகை உங்களுக்கு எதற்கு என்பது போலத்தான் இருந்தது அது. வெளியேதான் பெரும் கூட்டம் நிற்கிறதே.

அந்தக் கூட்டத்தை மறந்துவிட்டு இந்த நிகழ்வைப் படிக்கக் கூடாது. லாரன்ஸ் சம்மர்ஸும் டேனியல் ராஃபும் 1987இல் இதைப் பொருளாதார ஆய்வாக எடுத்துப் பார்த்தபோது கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்: சந்தை விலையைவிட அதிகமாகக் கூலி கொடுத்தால் கொடுத்தவருக்கு அது திரும்பி வருமா? வந்தது என்பதுதான் அவர்கள் கண்டது. வழிகளில் ஒன்று, வேலையை இழந்தால் இழப்பு பெரிது என்பது. வேறு எங்கே போனாலும் பாதிதான் கிடைக்கும். முன்பு ஐந்து நாளில் நழுவிப் போனவர் இப்போது நழுவ முடியாது. பிடித்துப்போய் நிற்கிறாரா, போக இடமில்லாமல் நிற்கிறாரா என்று ஆள் மாறும் வீதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே எண்தான் விழும்.

இங்கேதான் என் வாதம் இருக்கிறது. பணம் மக்களை ஊக்குவிக்கிறதா என்று கேட்கும்போது நாம் இரண்டு விஷயத்தை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம். ஒன்று, வருவதும் தங்குவதும் பொறுத்துக்கொள்வதும். இன்னொன்று, அந்த வேலையைத் தானாக நன்றாகச் செய்ய நினைப்பது. ஹைலண்ட் பார்க்கில் பணம் முதலாவதை வாங்கியது, முழுசாக வாங்கியது. இரண்டாவதை யாரும் விற்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. நட்டு போடுகிறவர் ஆர்வமாக இருந்தாலும் அலுத்துப்போய் நின்றாலும் வரிசையின் வேகம் ஒன்றுதான். ஆர்வம் தேவைப்படாதபடி வேலையை வெட்டிவிட்டார்கள், வெட்டி எடுத்ததற்கு ஈடாகக் காசு வைத்தார்கள். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை தனக்குத் திகிலாக இருக்கிறது என்று ஃபோர்டே எழுதியிருக்கிறார். உடனேயே, சாதாரணத் தொழிலாளி யோசிக்கத் தேவையில்லாத வேலையைத்தான் விரும்புகிறான் என்றும் எழுதுகிறார். 370 சதவீதத்தைக் கண்ணால் பார்த்த மனிதர் இதை எப்படி எழுதினார் என்பது எனக்குப் புரியவே இல்லை.

வேறு இடங்களில்

ஒரு நிகழ்வை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இரண்டை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். சேஃப்லைட் என்ற அமெரிக்கக் கம்பெனி, உடைந்த கார் கண்ணாடியை மாற்றித் தருவது அதன் தொழில், 1990களின் நடுவில் மணிக்கூலியை விட்டுவிட்டு மாட்டுகிற கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாறியது. எட்வர்ட் லேஸியர் என்ற பொருளாதார அறிஞர் அதை ஆராய்ந்தார். ஓர் ஆள் செய்யும் வேலை 44 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதிதான் அதே ஆட்கள் வேகமாகச் செய்ததால் வந்தது, மீதியில் பெரும்பங்கு, வேகமான ஆட்கள் அந்தக் கம்பெனியைத் தேடி வந்ததாலும் இருந்தவர்கள் போகாமல் நின்றதாலும் வந்தது. எண்ணக்கூடிய, தனி ஆளின் கையில் முழுசாக இருக்கிற வேலையில் பணம் நேராகவே வேலை செய்கிறது, இதை மறுப்பதற்கில்லை.

இன்னொன்று 2008இல் டான் ஏரியலியும் மற்ற இருவரும் வெளியிட்ட லெகோ சோதனை. பொம்மை ஒன்றைக் கோத்துக் கொடுக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு, போகப் போகக் காசு குறையும், வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு குழுவுக்கு, கோத்த பொம்மைகள் மேசையில் வரிசையாக நிற்கும். இன்னொரு குழுவுக்கு, அவர் அடுத்ததைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே முந்தையதை அவர் கண் முன்னால் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். காசு இரண்டு குழுவுக்கும் ஒன்றே. முதல் குழு சராசரியாக 10.6 பொம்மை செய்தது, இரண்டாவது 7.2.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒருமுறை சம்பளத்துக்காகவே வேலை மாறியவன். முதல் மாதம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது தொகையை இரண்டு தடவை படித்தேன், நான்காம் மாதம் அந்தச் செய்தியைத் திறக்கவே இல்லை. அங்கே வாரா வாரம் ஓர் அறிக்கை அனுப்பவேண்டும். ஒருநாள் பழைய கோப்புகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஐந்து வாரமாக ஒரே அறிக்கையை, தேதியை மட்டும் மாற்றி, தவறுதலாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்த வேலையை உடனே விட்டேனா என்றால் இல்லை, இன்னும் ஒன்றரை வருடம் இருந்தேன். சம்பளம் அப்படி. ஆனால் அந்த ஐந்தாம் வாரத்துக்கு அப்புறம் நான் அங்கே ஒரு வரிகூட இரண்டாவது தடவை படித்துத் திருத்தவில்லை.

நம்பிக்கை எவ்வளவு வைக்கலாம்

இந்த நிகழ்வில் ஓட்டைகள் உண்டு. அக்டோபர் சீர்திருத்தமும் ஜனவரிக் கூலியும் மூன்று மாத இடைவெளியில் வந்தவை, 370 எப்படி 16 ஆனது என்பதில் எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம். போதாததற்கு 1914 அமெரிக்காவில் மந்தமான வருடம், வேலை இல்லாதவர்கள் நிறைய, அப்படிப்பட்ட வருடத்தில் யாரும் சும்மா வேலையை விடமாட்டார்கள். வேலை நேரம் குறைந்ததும் அதே நாளில்தான். ஆகவே ஐந்து டாலர் மட்டுமே எல்லாவற்றையும் செய்தது என்று எழுதுகிறவர்களை நம்பவேண்டாம். அதே மாதிரி, பணத்தால் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இங்கே இடமே இல்லை. சம்பளத்தை உயர்த்தாமல் பாராட்டுப் பத்திரமும் குழு உணர்வும் போதும் என்று நினைக்கிற நிர்வாகிகள் அந்த ஜனவரிக் கூட்டத்தின் புகைப்படங்களை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அந்த மாதம் 23ஆம் தேதி ஃபோர்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தொழிலாளியின் மனைவி, பெயர் போடவில்லை. கணவர் வீட்டுக்கு வந்ததும் அப்படியே விழுந்துகிடக்கிறார், இரவுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, அவ்வளவு களைத்துப்போகிறார், உங்கள் இந்தச் சங்கிலி முறை அடிமை ஓட்டுகிற முறை, இதைச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்கிறார். அதே கடிதத்தில், அந்த ஐந்து டாலர் ஒரு வரம், நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய வரம் என்கிறார், ஆனால் அதற்கு அவர்கள் உழைத்துத்தான் தீர்க்கிறார்கள் என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் எழுத அந்த அம்மாவுக்குச் சிரமமே இருக்கவில்லை. நாம்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

வரிசையின் வேகம் குறையவில்லை. விலைவாசி ஏறி 1920இல் 1914இன் இரண்டு மடங்கை நெருங்கியது, நடுவில் 1919இல் கூலி ஆறு டாலர் ஆனதோடு சரி. வீடு வீடாகப் போன துறையும் 1920களின் தொடக்கத்தில் மங்கி மறைந்தது, அதற்குப் பதில் ஆலைக்குள்ளேயே கண்காணிப்பு இறுகியது. வரிசையில் பேசக் கூடாது என்பதால் தொழிலாளிகள் உதட்டை அசைக்காமல் பேசக் கற்றுக்கொண்டார்கள், அதற்கு 'ஃபோர்டு கிசுகிசு' என்று பெயரே வந்துவிட்டது. ஒரு காலத்தில் கூலிக்காகத் தீயணைப்புக் குழாயின் முன் கூட்டம் நின்ற அதே கம்பெனியின் தொழிலாளிகள் 1941 ஏப்ரலில் வேலை நிறுத்தம் செய்து, ஜூனில் சங்க ஒப்பந்தத்தில் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளில் தொழிலாளர் சங்கத்தைக் கடைசியாக ஏற்றுக்கொண்டது இதுதான்.